கலிங்கம் கற்பித்த பாடம் – அசோகச் சக்கரவர்த்தியின் வாழ்வும் ஆட்சியும்

சைவ உலகம் நன்கறிந்தது சிறுத்தொண்ட நாயனார் வரலாறு. பல்லவ மன்னனின் படைத்தலைவர் பரஞ்சோதியாராக வாதாபி நகரை அழித்து மீண்ட அப்பெரியார், தம் மன்னனாலேயே படைத்தொழிலினின்றும் விடுவிக்கப்பட்டு, திருச்செங்காட்டங்குடியிலே அடியார்க்கு அமுதூட்டும் தொண்டில் வாழ்ந்தார் எனப் பெரியபுராணம் கூறும். வாளேந்திய கை அன்னம் படைக்கும் கையாயிற்று.

அவருக்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் பாரத தேசத்திலே இன்னொருவர் வாழ்ந்தார். அவரும் ஒரு பெரும்போரை வென்றவர். வென்ற பின் உள்ளம் மாறியவர். ஆனால் அவர் அரியணையை விட்டு நீங்கவில்லை. போர்க்களம் தமக்குக் கற்பித்த பாடத்தை நீதிமன்றம், சிறைச்சாலை, தெரு, வைத்தியம், உத்தியோகத்தரின் நடத்தை என்பவற்றுக்குள் கொண்டுசெல்ல முயன்றார். அவரே மௌரியப் பேரரசர் அசோகர். பௌத்த சமயத்தைத் தழுவிய ஓர் அரசரின் சரிதம் சைவ ஆலயமொன்றின் மலரில் இடம்பெறுவது ஏன் எனச் சிலர் வினவலாம். அறம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது என்பதே விடை. அவரும் அதனையே கல்லில் எழுதினார்.

பிறப்பும் பட்டமும்

அசோகரின் பாட்டனார் சந்திரகுப்த மௌரியர், தந்தையார் பிந்துசாரர். இன்றைய பீகார் மாநிலத்தின் பாட்னா நகரமே அன்றைய பாடலிபுத்திரம், மௌரியரின் தலைநகரம். இளவரசராக இருந்த காலத்தில் அசோகர் உச்சயினியில் அரசப் பிரதிநிதியாகக் கடமையாற்றினார் எனவும், விதிசாவைச் சேர்ந்த தேவி என்பாரை மணந்து மகிந்தன், சங்கமித்தை ஆகியோரைப் பெற்றார் எனவும் இலங்கைப் பாளி நூல்கள் கூறும்.

தொண்ணூற்றொன்பது சகோதரரைக் கொன்றே அவர் அரசைக் கைப்பற்றினார் என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. ஆயினும் அவரது சாசனமொன்று சகோதர சகோதரியரின் இல்லங்களைப் பற்றிக் குறிப்பிடுவதால், இக்கதை அவரது பிற்கால மாற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காகச் சொல்லப்பட்டது என ஆய்வாளர் பலர் கருதுவர். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கி.மு. 269 அளவில், அவருக்குப் பட்டாபிஷேகம் நிகழ்ந்தது.

கலிங்கப் போர்

கலிங்கம் என்பது இன்றைய ஒடிசா மாநிலத்தைப் பெரும்பாலும் உள்ளடக்கிய கரையோர நாடாகும். பேரரசின் அருகிலே அது பணியாது நின்றது. பட்டம் சூடி எட்டு ஆண்டுகள் சென்றபின், கி.மு. 261 அளவில், அசோகர் அதன்மீது படையெடுத்து வென்றார்.

அப்போரின் கணக்கை எதிரிகள் எழுதவில்லை, வென்றவரே எழுதினார். 13ஆம் பாறைச் சாசனத்தில் அவர் தரும் தொகை இது: நாடு கடத்தப்பட்டோர் 150,000 பேர், களத்தில் மாண்டோர் 100,000 பேர், அதனைப் போலப் பன்மடங்கினர் பின்னர் இறந்தனர். உலகில் எத்தனையோ மன்னர்கள் தாம் கொன்ற பகைவரின் தொகையைக் கல்லிலே பொறித்தனர். அவையெல்லாம் பெருமைக்காக எழுதப்பட்டவை. துயரத்துக்காக அதே தொகையை எழுதிய மன்னரைக் காண்பது அரிது.

அச்சாசனத்தில் இன்னொரு செய்தி உண்டு. போரிலே காயமின்றித் தப்பியவரும், தம் உறவினரும் நண்பரும் அயலவரும் அடைந்த துன்பத்தால் துன்புறுகின்றனர் என்பதை அவர் தனியாக எடுத்துச் சொல்கிறார். இறந்தவர் தொகையை எண்ணிவிடலாம். எஞ்சியிருப்போரின் வேதனையை எண்ண முடியாது. முப்பது வருடகால யுத்தம் 2009ஆம் ஆண்டு முடிவுற்ற எமது நாட்டிலே, உடலில் ஒரு தழும்பும் இல்லாமல் உள்ளத்திலே ஆறாத புண்ணோடு வாழும் தாய்மாரை நாம் அறிவோம். ஆகவே இச்சாசனத்தின் பொருளை விளங்கிக்கொள்ள எமக்கு உரையாசிரியர் தேவையில்லை.

அதேவேளை உண்மையை மறைத்துப் புகழ்தல் முறையன்று. அசோகர் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தம் படையைக் கலைத்துவிட்டதாகவும் சாசனங்களில் இல்லை. காட்டுக்குடிகளை நோக்கி, தாம் மனம் வருந்தியபோதும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என எச்சரித்துமுள்ளார். அவர் முனிவராகிவிடவில்லை, அரசராகவே இருந்தார். அதனாலேயே அவரது வாழ்வு ஆராயத்தக்கதாகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் துறப்பவரின் வழி நம்மிற் பலருக்கு எட்டாதது. இருந்த இடத்திலிருந்தே திருந்த முயல்பவரின் வழி எல்லோருக்கும் எட்டக்கூடியது.

கலிங்கத்தில் எழுதப்படாத சாசனம்

அசோகரின் 14 பெரும்பாறைச் சாசனங்கள் பேரரசின் பல எல்லைகளிலும் பொறிக்கப்பட்டன. கலிங்கத்திலே புவனேசுவரத்துக்கு அருகிலுள்ள தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் அவை உள்ளன. ஆனால் அவ்விரு இடங்களிலும் 11, 12, 13ஆம் சாசனங்கள் இல்லை. கலிங்கப் போரின் அழிவைக் கூறும் சாசனம் கலிங்கத்திலே காணப்படவில்லை!

அதற்கான காரணத்தை அவர் எழுதவில்லை. ஆயினும் அவற்றுக்குப் பதிலாக அங்கே எழுதப்பட்டவற்றை நோக்கும்போது ஒன்று தெளிவாகும். தோற்ற மக்களுக்கு எத்தனை பேர் இறந்தனர் என்பதை வென்றவர் சொல்லத் தேவையில்லை. அது அவர்களுக்கு வீட்டுக்கு வீடு தெரியும். இனித் தங்களை எவ்வாறு நடத்துவார்கள் என்பதே அவர்கள் அறிய விரும்பியது. ஆதலால் கலிங்கத்துப் பாறைகளிலே வெற்றிப் பேச்சும் இல்லை, துயரப் பேச்சும் இல்லை. அங்கு நிருவாகம் செய்யும் உத்தியோகத்தருக்கான இரண்டு தனிக் கட்டளைகளே உள்ளன.

உத்தியோகத்தருக்கு இட்ட கட்டளை

அவற்றுள் ஒன்று தோசலி முதலிய நகரங்களில் நீதி விசாரிக்கும் அதிகாரிகளுக்கு உரியது. மக்கள் யாவரும் தமது பிள்ளைகள் என்றும், தம் பிள்ளைகளுக்கு இம்மையிலும் மறுமையிலும் எந்த நன்மையை விரும்புவாரோ அதனையே எல்லா மக்களுக்கும் விரும்புவதாகவும் அரசர் அறிவிக்கிறார். இதனை அதிகாரிகள் முழுமையாக விளங்கிக்கொள்ளவில்லை எனக் குறையும் கூறுகிறார். காரணமின்றிச் சிலர் சிறைப்படுவதும் வதைக்கப்படுவதும் நிகழ்கிறது. அவருக்காக இன்னும் பலர் துன்புறுகின்றனர். எனவே நடுநிலை தவறக்கூடாது என்பது கட்டளை.

நடுநிலை ஏன் தவறுகிறது என்பதையும் அவர் வரிசைப்படுத்துகிறார். பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், பயிற்சியின்மை, சோம்பல், களைப்பு ஆகிய ஏழுமே காரணங்கள். அரசாங்கக் கந்தோர்களிலே இலிகிதராக நீண்டகாலம் கடமையாற்றிய எனக்கு இவ்வரிசை பெரும் வியப்பைத் தந்தது. கொடுமையையும் கோபத்தையும் எந்த அறநூலும் கண்டிக்கும். அவசரத்தையும் களைப்பையும் அவற்றோடு ஒரே வரிசையில் வைத்தவர் கந்தோர் வேலையை உள்ளிருந்து அறிந்தவர். ஒரு மரண அத்தாட்சிப் பத்திரத்துக்காகவோ காணி உறுதிக்காகவோ பஸ் ஏறி வந்து காலை முதல் காத்திருக்கும் வயோதிபரை, மேசைக்கு இப்பால் இருப்பவர் வன்மத்தினால் திருப்பி அனுப்புவது அபூர்வம். நாளைக்கு வாருங்கள் என்ற சொல் பெரும்பாலும் களைப்பிலிருந்தே பிறக்கிறது. ஆனால் திரும்பிப் போகிறவருக்கு அது அரசாங்கத்தின் சொல்லாகவே கேட்கும். யுத்தம் கண்ட மண்ணில் அச்சொல்லின் பாரம் இன்னும் அதிகம்.

இக்கட்டளையைத் திஷ்ய நட்சத்திர நாளிலே வாசிக்க வேண்டுமெனவும், இடையிடையே ஒருவர் மட்டுமே கேட்க இருப்பினும் வாசிக்கலாமெனவும் அவர் பணித்தார். திஷ்யம் என்பது நாம் தைப்பூசம் கொண்டாடும் பூச நட்சத்திரமேயாகும். அதிகாரிகள் ஒழுங்காக நடக்கின்றனரா எனப் பார்க்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கடுமையற்ற, மென்மையான சுபாவமுள்ள ஒருவரைச் சுற்றுப்பயணம் அனுப்புவதாகவும் அறிவித்தார். மற்றைய தனிக் கட்டளை, எல்லைக்கு அப்பால் வாழும் மக்கள் தம்மைக் கண்டு அஞ்சவேண்டாம், தம்மிடமிருந்து அவர்கள் பெறுவது துன்பமன்று, இன்பமே என்பதை அவர்கள் நம்பும்படி நடக்கவேண்டும் என்கிறது. நம்பிக்கையைக் கட்டளையிட்டுப் பெறமுடியாது, நடந்தே பெறவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

முரசொலி மாறியது

போர் முரசின் ஒலி தம் ஆட்சியில் தர்ம முரசின் ஒலியாயிற்று என 4ஆம் சாசனம் கூறும். அது வெறும் அலங்காரச் சொல் அன்று என்பதைப் பிற சாசனங்கள் காட்டுகின்றன. மனிதருக்கும் விலங்குகளுக்கும் வைத்திய வசதி செய்யப்பட்டது. மூலிகைகளும் கிழங்குகளும் கனிமரங்களும் இல்லாத இடங்களுக்கு அவை வருவிக்கப்பட்டு நடப்பட்டன. தெருவோரங்களிலே ஆலமரங்கள் நாட்டப்பட்டன; மாந்தோப்புகள் உண்டாக்கப்பட்டன; கிணறுகளும் தங்கும் மடங்களும் அமைக்கப்பட்டன. படை நடந்த தெருக்களிலே வழிப்போக்கர் நிழல் பெற்றனர். இவ்வைத்திய வசதி தம் ஆட்சிக்கு வெளியே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி எனப்பட்ட எமது இலங்கையிலும், கிரேக்க மன்னர் நாடுகளிலும் செய்யப்பட்டதாக 2ஆம் சாசனம் கூறுகிறது.

எமது கிராமங்களிலும் முன்னோர் இவ்வறத்தையே செய்தனர். சுமைதாங்கியும் மடமும் மனிதருக்கு. கேணியும் நிழல் மரமும் இருசாராருக்கும். ஆவுரஞ்சிக் கல் வாயில்லாச் சீவனுக்கு. பெருஞ்செல்வர் மட்டும் செய்தவை அல்ல இவை.

அரண்மனைச் சமையலுக்காக நாள்தோறும் கொல்லப்பட்ட உயிர்களின் தொகை இரண்டு மயில், ஒரு மான் என்னும் அளவுக்குக் குறைக்கப்பட்டது. வேட்டைப் பயணங்கள் தர்ம யாத்திரைகளாயின. உணவருந்தும் வேளையாயினும் அந்தப்புரத்தில் இருக்கும் வேளையாயினும் மக்களின் காரியம் தமக்கு உடனே அறிவிக்கப்படவேண்டும் என ஆணையிட்டார். மரணதண்டனையை அவர் ஒழிக்கவில்லை. ஆயினும் தண்டனை விதிக்கப்பட்டவருக்கு மூன்று நாள் அவகாசம் அளித்தார். அந்த மூன்று நாளில் உறவினர் முறையிடலாம்; மறுவிசாரணை நிகழலாம். அவசரத்தால் ஓர் உயிர் போகக்கூடாது என்பது கலிங்கத்திலே கற்ற பாடமன்றி வேறென்ன?

சாசனங்கள் எழுதப்பட்ட மொழியும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலானவை மக்கள் பேசிய பிராகிருத மொழியில் பிராமி எழுத்திலும், வடமேற்கில் அங்கு வழங்கிய கரோஷ்டி எழுத்திலும் பொறிக்கப்பட்டன. இன்றைய ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் கிரேக்கமும் அரமேயமும் பயன்பட்டன. அறத்தைக் கூறும் செய்தி கேட்பவரின் மொழியில் இருக்கவேண்டும் என்ற நீதியை 2,250 ஆண்டுகளுக்கு முன்பே அவர் கடைப்பிடித்தார். தமக்குத் தெரியாத மொழியில் கடிதம் வந்து, அதை வாசிக்க ஆள் தேடி அலைந்தவர்கள் இதன் அருமையை உணர்வர்.

பிற சமயத்தை மதித்தல்

அசோகர் பௌத்தர்; ஆனால் அந்தணரையும் துறவியரையும் ஒருங்கே மதிக்குமாறு சாசனந்தோறும் வற்புறுத்தினார். ஆசீவக சமயத்தாருக்கு பராபர் மலையிலே குகைகளைத் தானமாக அளித்தார். தன் சமயத்தை உயர்த்துவதற்காகப் பிறர் சமயத்தை இகழ்பவர் உண்மையில் தம் சமயத்துக்கே தீங்கு செய்கிறார் என்பது 12ஆம் சாசனத்தின் கருத்து. படைபலத்தால் பெறும் வெற்றி போலவே சொல்பலத்தால் பிறரைத் தாழ்த்திப் பெறும் வெற்றியும் அழிவையே தரும் என அவர் கண்டார். இன்று வழிபாட்டிடங்களை வைத்துப் பிணக்குப்படும் எல்லாத் தரப்பினரும் வாசிக்கவேண்டிய சாசனம் இது.

இலங்கைத் தொடர்பு

தேவநம்பிய தீசன் காலத்தில் மகிந்த தேரர் மிகிந்தலைக்கு வந்ததும், சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு ஜம்புகோளத் துறையில் இறங்கியதும் மகாவம்சம் கூறும் செய்திகள். அத்துறை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள சம்பில்துறை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அசோகர் கி.மு. 232 அளவில் மறைந்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் மௌரிய அரசு வீழ்ந்தது. காலப்போக்கில் அவரது எழுத்தை வாசிப்பாரும் இல்லாதுபோயினர். 1837ஆம் ஆண்டிலே கல்கத்தா நாணயச்சாலையில் கடமையாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்தை வாசித்தார். ஆனால் கல்லிலே காணப்பட்ட பெயர் பியதசி என்பதாகும். அவர் யாரென விளங்கவில்லை. அதே காலத்தில் இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஜோர்ஜ் டேர்னர், தீபவம்சம் என்னும் பாளி நூலின் துணைகொண்டு பியதசியும் அசோகரும் ஒருவரே என எடுத்துக்காட்டினார். இரு அரசாங்க உத்தியோகத்தரின் பொறுமையான உழைப்பே அப்பேரரசரை உலகுக்கு மீட்டுத் தந்தது. 1915இல் கர்நாடகத்து மஸ்கியில் கண்டெடுக்கப்பட்ட சாசனத்தில் அசோகர் என்ற பெயரே காணப்பட்டமையால் ஐயம் முற்றாக நீங்கியது. அவர் நாட்டிய தூண்களுள் ஒன்றான சாரநாத் தூணின் சிங்கத் தலைப்பு 1950இல் இந்தியக் குடியரசின் சின்னமாயிற்று.

நாம் கொள்ளவேண்டியது

யுத்தம் ஓய்ந்துவிட்டால் சமாதானம் தானாக வந்துவிடும் என எண்ணுதல் தவறு. வென்றவர் தம் வெற்றியைக் குறித்து வெட்கப்படக் கற்கும்போதும், தோற்றவர் கந்தோர் வாசலில் அச்சமின்றி நிற்கும்போதும் அது வரத் தொடங்குகிறது. அதற்கு வேண்டியவை நடுநிலையான நீதி, கனிவான உத்தியோகத்தர், விளங்கும் மொழி, குடிக்க நல்ல தண்ணீர், நோய்க்கு மருந்து என்பவை. அசோகர் பாறைகளில் எழுதியவை இவ்வளவே.

அரசர்க்கு உரைத்தது குடும்பத்துக்கும் ஊருக்கும் பொருந்தும். சகோதரருக்கிடையில் எல்லைவேலி வழக்கில் வென்றவரும், ஆலய நிருவாகத்தில் வாக்குகளால் வென்றவரும், வென்ற மறுநாள் எதிர்த்தரப்பாரின் முற்றத்துக்கு எப்படிச் செல்வது என்பதை எண்ணவேண்டும். தேர்வடம் பிடிக்கையில் வென்றவர் தோற்றவர் என்று இரு வடங்கள் இல்லை.

எல்லோரும் ஒருதாய் மக்களாய் அச்சமின்றி வாழ எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.