எதிரணிக்கும் கார் கட்டியவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

உழவுக் காலம் வந்துவிட்டால் பங்காளிகள் இருவர் ஒரே கொல்லுப்பட்டறைக்குக் கொழுவோடு வருவார்கள். அவர்களுக்குள் வரப்புத் தகராறு இருக்கலாம். பேச்சுவார்த்தையே இல்லாமலும் இருக்கலாம். கொல்லர் அதைப் பார்ப்பதில்லை. இருவர் கொழுவையும் ஒரே கூராகத் தட்டித் தருவார். எங்கள் அவலூர்பேட்டைப் பக்கத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் பந்தயத்தில் தாமும் ஊறிய ஒருவர், மற்றவர்களும் ஓட்டி வெல்லும்படி கார் கட்டிக் கொடுத்தார் என்றால் அவரை நாம் அறிந்துகொள்ளத்தான் வேண்டும். அவர்தான் கோவை தந்த சுந்தரம் கரிவரதன்.

1954ஆம் ஆண்டு பிறந்த அவர், ஆலைத் தொழிலில் பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். நண்பர்களுக்கு அவர் 'கரி'. செல்வத்தில் பிறந்தும் அவர் உள்ளம் பட்டறையையே நாடியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்து வந்தன. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே ஓட்டிய வீரர்களுள் கரிவரதனும் ஒருவர்.

அந்நாளில் பெரும் பணம் படைத்தவர் வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்துகொண்டார். மற்றவர் தம்மிடமிருந்த ஃபியட்டையோ ஹெரால்டையோ மாற்றியமைத்து ஓட்டினார். ஆகவே வென்றது ஓட்டியவர் திறமையா, காரின் விலையா என்று பிரித்தறிவது எளிதாக இல்லை. கரிவரதனும் வசதியுள்ளவர்தாம். அவர் நினைத்திருந்தால் மேலும் விலையுயர்ந்த காரை வாங்கி வெற்றிக் கோப்பைகளை அடுக்கியிருக்கலாம். அவர் வேறு வழியை எண்ணினார்.

1983 முதல் மாருதி 800 கார் நம் நாட்டுச் சாலைகளில் ஓடத் தொடங்கியது. அதன் எஞ்சின் சிறியது. மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர். உதிரிபாகங்களும் எளிதில் கிடைத்தன. அந்த எஞ்சினையே கொண்டு ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரைக் கரிவரதன் வடிவமைத்தார். வீட்டுக் காரில் முன்புறம் இருந்த எஞ்சின், பந்தயக் காரில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் சென்றது. எண்பதுகளின் இறுதியில் 'ஃபார்முலா மாருதி' பிறந்தது இவ்வாறுதான்.

இதில் இயற்பியல் மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விசை ஒன்றாகவும் நிறை ஒன்றாகவும் இருந்தால் முடுக்கமும் ஒன்றாகவே இருக்கும் என்பது நியூட்டன் விதி. ஒரே வகைக் கார்கள் வரிசையில் நிற்கும்போது பணத்தின் வேலை குறைகிறது. வளைவில் எங்கே பிரேக் போடுவது, எப்போது கியர் மாற்றுவது என்ற மனிதத் திறனே முன்னுக்கு வருகிறது. ஒன்றோடொன்று போட்டியிட்டவர்கள் ஓட்டியதெல்லாம் அவர் வடிவமைத்த கார்!

மேலைநாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மன், தம் கார்களைப் பிற அணிகளுக்கும் விற்றார். 1960இல் மொனாக்கோ பந்தயத்தில் லோட்டஸ் காருக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றி கிட்டியது. ஆனால் வென்றவர் ராப் வாக்கர் அணிக்காக ஓட்டிய ஸ்டர்லிங் மாஸ்! சாப்மனின் சொந்த அணி தன் முதல் வெற்றிக்கு 1961 வரை காத்திருந்தது. எதிரணிக்குக் கார் கொடுப்பவர் தோல்விக்கும் துணிந்திருக்க வேண்டும்.

கரிவரதன் விதைத்ததன் விளைவு பின்னால் தெரிந்தது. இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர் இருவரே. 2005இல் நரேன் கார்த்திகேயன். 2010இல் கருண் சந்தோக். இருவரும் தொடக்கத்தில் ஓட்டிப் பழகியது ஃபார்முலா மாருதி கார்தான். அந்த நாட்களைக் காணக் கரிவரதன் இல்லை. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நாற்பத்தொன்றாம் வயதில், சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஃபார்முலா மாருதி வந்ததால் ஏழை வீட்டுப் பிள்ளையெல்லாம் பந்தய வீரனாகிவிடவில்லை. கார்ப் பந்தயம் அன்றும் இன்றும் செலவு மிகுந்ததே. எனினும் எட்டாத உயரத்தில் இருந்த படி ஒன்று சற்றுத் தாழ்ந்தது. படி தாழ்ந்தால் என்ன நேரும் என்பதை அரசு கல்லூரி மாணவர்களாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரே வகுப்பு, ஒரே ஆய்வுக்கூடம், ஒரே வினாத்தாள் என்று வந்த பிறகுதான் எவருக்கு எவ்வளவு திறமை என்பது வெளிப்படுகிறது.

பிறரை வெல்வது ஒரு சிறப்பு. தம்மையே வெல்லக்கூடிய கருவியைப் பிறர் கையில் கொடுப்பது அதனினும் பெரிய சிறப்பு. நாளை நாம் ஆசிரியராகவோ அதிகாரியாகவோ தொழில் முனைவோராகவோ அமரும்போது, நமக்குப் பின்னால் வருவோர்க்கு ஒரு படியையேனும் தாழ்த்தி வைப்போமாக!