நேரு கண்ட குடியாட்சிச் சமதருமம்

அலகபாத்து நகரில் 1889ஆம் ஆண்டு செல்வக் குடியிற் பிறந்து, கேம்பிரிச்சிற் கற்றுத் தேர்ந்த சவகர்லால் நேரு, உழவரின் வறுமையை ஏட்டிற் படித்து அறிந்தாரல்லர். 1920ஆம் ஆண்டில் பிரதாப்கர்ப் பகுதிக் குடியானவர் சிலர், தாலுக்தார்கள் எனப்பட்ட நிலக்கிழாரின் கொடுமை தாளாது, அலகபாத்துக்கு நடந்துவந்து முறையிட்டனர். அவர்தம் ஊர்களுக்குச் சென்று தங்கிய நேரு, குத்தகையும் முறையற்ற தண்டல்களும் போக எஞ்சுவது சிறிதாய், உழுத நிலத்தினின்று எந்நேரமும் துரத்தப்படக்கூடிய மக்களைக் கண்டார். போடியார், முல்லைக்காரர் என்னும் சொற்களைக் கேட்டு வளர்ந்த படுவான்கரையார்க்கு இதனை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1927இல் மாசுக்கோவைக் கண்டு வந்தார். ஆங்குக் கல்வியும் தொழிலும் வளர்ந்தமை அவரை ஈர்த்தது. மாற்றுக் கருத்தினரை ஒடுக்கும் முறையோ அவர்க்கு உவப்பாகவில்லை. 1931இற் கராச்சிக் காங்கிரசு ஏற்ற தீர்மானத்திலே பேச்சுரிமையும் தொழிலாளரின் வாழ்க்கைக் கூலியும் அருகருகே நின்றன. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல் வாணிகமேயன்றிச் சமதருமமன்று என்பதே, யாம் அறிந்த வரையில், அவர் கொள்கையின் உயிர்நிலை.

தலைமை அமைச்சரானபின் அக்கொள்கை சோதனைக்குள்ளாயிற்று. 1951–52 பொதுத்தேர்தலில், பெரும்பாலும் எழுத்தறியாத ஏறக்குறைய 17 கோடி மக்கள் வாக்குரிமை பெற்றிருந்தனர். 1955இற் சென்னையை அடுத்த ஆவடியிற் கூடிய காங்கிரசு, சமதரும அமைப்பை இலக்காக ஏற்றது. நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன; ஆயினும் அவற்றின் ஓட்டைகள் வழியே நிலக்கிழார் பலர் தப்பினர். 1959இல் நாகபுரியில் அவர் முன்வைத்த கூட்டுறவு வேளாண்மையும் வேரூன்றவில்லை. வற்புறுத்திப் புகுத்த அவர் விரும்பாமையே அதற்கு ஒரு காரணம். அதனைத் தோல்வி என்போருடன் யாம் முற்றும் உடன்படோம். ஆனால், மக்கள் தெரிந்தெடுத்த கேரளப் பொதுவுடைமை அமைச்சரவையை அதே ஆண்டு சூலையில் நடுவணரசு கலைத்தபோது அவர் இசைந்தமைக்கு எவ்வமைதியும் கூறுதற்கில்லை.

மொழி வகையில் அவர் நடந்துகொண்டது வேறு. 1956இல் இலங்கையிற் பெரும்பான்மையோர் வாக்கே மொழிச் சட்டமாயிற்று. இந்தியாவிலோ, இந்தி பேசாத மக்கள் வேண்டும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என 1959இல் நேரு பாராளுமன்றத்தில் உறுதியளித்தார். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லமைப்பு அவ்வுறுதியைத் தெளிவாகக் காக்கவில்லை என்ற ஐயம் தமிழகத்தில் எழுந்தது. 1964 மே 27இல் நேரு மறைந்தார். மறு ஆண்டு மாணவர் கிளர்ச்சி மூண்டது. அவ்வுறுதி சட்டத்தில் இடம்பெற 1967ஆம் ஆண்டுத் திருத்தம் வேண்டியதாயிற்று.