பூட்டுத் தொழிலாளியான ஐ.சி.எஸ். அதிகாரி

பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில் ஐ.சி.எஸ். என்ற மூன்றெழுத்துக்கு இருந்த மதிப்பை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கவைப்பது கடினம். ஒரு மாவட்டமே அந்த அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்து நிற்கும். அப்படியொரு பதவியில் இருந்த ஒரு முஸ்லிம் இளைஞர், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில் அதைத் துறந்தார். அலிகாருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய்க் கூலி வேலை செய்தார், பூட்டுச் செய்யும் தொழில் பழகினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார். பிற்காலத்தில் ஆசியாவின் கிராம அபிவிருத்தி பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத பெயராக மாறிய மர்ஹூம் அக்தர் ஹமீத் கான் அவர்தான்.

வன்னியில் ஆசிரியராக இருக்கும் நான் இவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

1914 ஜூலை 15ஆம் திகதி ஆக்ராவில் பிறந்தவர். தந்தை பொலிஸ் பரிசோதகர். கவிதையிலும் வாசிப்பிலும் மகனை ஈடுபடுத்தியவர் தாயார். அந்தத் தாயார் 1932இல் காசநோயால் வபாத்தானார். ஆக்ராவிலும் மீரட்டிலும் படித்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, மீரட் கல்லூரியிலேயே சிறிது காலம் விரிவுரையாளராக இருந்து, 1936இல் ஐ.சி.எஸ். சேவைக்குத் தெரிவானார். பயிற்சி கேம்பிரிட்ஜில், பணி வங்காளத்தில். 1940இல் காக்ஸார் இயக்கத் தலைவர் அல்லாமா மஷ்ரிக்கியின் மூத்த மகளை மணந்தார்.

1943இல் வங்காளப் பஞ்சம் வந்தது. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததால் பர்மா அரிசி நின்றது. போர்ப் பதற்றத்தில் அரசாங்கம் படகுகளைப் பறித்தது, விலை ஏறியது, பதுக்கல் பெருகியது. இலட்சக்கணக்கான உழைப்பாளிகள் தெருவில் விழுந்து மடிந்தனர். நிர்வாகத்தின் உள்ளே இருந்துகொண்டு அதைப் பார்த்த கான், பஞ்சத்தை ஆட்சி கையாண்ட விதம் பொறுக்காமல் வெளியேறினார்.

அதே பர்மா அரிசி நின்றபோது நம் நாட்டிலும் தட்டுப்பாடு வந்தது. 1942இல் உணவு உற்பத்தியைப் பெருக்கவென்று கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். அவரும் இலங்கை சிவில் சேவை அதிகாரி, அந்தச் சேவையின் முதல் முஸ்லிம். அவரும் 1948இல் பதவியை விட்டு ஸாஹிரா கல்லூரி அதிபராகப் போனார். இருவரும் சந்தித்தார்களோ இல்லையோ, பஞ்ச காலத்துக் கிராமம் இருவரையும் கல்விக் கூடத்தின் பக்கம் திருப்பிவிட்டது என்பது என் எண்ணம்.

பூட்டுத் தொழில் பற்றிச் சிலர் மிகையாகப் புகழ்வார்கள். கான் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழையோடு ஏழையாய் இருந்துவிட்டால் மட்டும் ஏழ்மைக்கு வழி பிறந்துவிடாது என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். அடுத்துச் செய்தது ஆசிரியத் தொழில். 1947 முதல் டில்லி ஜாமிஆ மில்லியாவில் மூன்று ஆண்டுகள் கற்பித்தார். 1950இல் கராச்சிக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லா விக்டோரியா கல்லூரிக்கு அதிபராக அழைக்கப்பட்டு, 1958 வரை அங்கே இருந்தார். அக்காலத்தில் அரச சார்பற்ற ஆசிரியர்களின் சங்கத்துக்கும் அவரே தலைவர். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இந்தப் பகுதி பிடிக்கும்.

இடையில் 1954இல் அரசாங்கம் அவரைக் கிராம உதவித் திட்டத்துக்குப் பணிப்பாளராக்கியது. விவசாயமும் கைத்தொழிலும் வளர்க்க அமெரிக்க உதவியோடு தொடங்கிய திட்டம் அது. படித்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். ஒருவருக்கு ஐந்தாறு கிராமங்கள். விதை, உரம், கோழி, கழிப்பறை, முதியோர் கல்வி என எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொடுக்க வேண்டும். கான் சுமார் ஓராண்டு இருந்துவிட்டு விலகினார். வெளியிலிருந்து வரும் இளைஞன் விவசாயிக்கு அந்நியன், அவனிடம் சொல்ல அறிவுரை உண்டு, கொடுக்க எதுவும் இல்லை, மாற்றம் வந்தால் அவனோடு போய்விடும். அந்த ஓராண்டில் அவர் கண்ட குறை இதுதான்.

1959 மே மாதம் கொமில்லாவில் கிராம அபிவிருத்தி அக்கடமி திறக்கப்பட்டபோது கான் அதன் பணிப்பாளரானார். அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகம் துணை நின்றது. அரச அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதே அக்கடமியின் வேலை என்று விதித்திருந்தார்கள். விரிவுரையாளர்களில் பலர் பட்டம் பெற்ற இளைஞர்கள். கிராமம் பற்றி அவர்களுக்கே சரியாகத் தெரியாது. தெரியாததை எப்படிக் கற்பிப்பது என்று கேட்ட கான், கொமில்லா கொத்வாலி தானாவைத் தம் ஆய்வுகூடமாகத் தரும்படி அரசிடம் வேண்டிப் பெற்றார். தானா என்றால் நம் பிரதேச செயலாளர் பிரிவு போன்ற ஒரு நிர்வாக அலகு.

விரிவுரையாளர்கள் வயலுக்குப் போனார்கள். விவசாயிகளைக் கூட்டி அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதினார்கள். மழைக்காலத்தில் வெள்ளம், மாரிக்குப் பின்னர் வரட்சி, அறுவடைக்கு முன்னரே வட்டிக்காரனுக்கு அடகாகிவிடும் நெல் என்று விவசாயி சொன்னவற்றை வைத்தே பாடத்திட்டம் உருவானது. சோதனை செய்வது, பலனை எழுதிவைப்பது, பிழைத்ததையும் மறைக்காமல் அச்சிடுவது என்று அக்கடமி ஒரு வழக்கத்தை வளர்த்தது. ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாய்தான் என்று நினைக்கும் நம் மாணவர்களுக்கு இந்தப் பக்கத்தை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் விரிவாக்கப் பணியையே தலைகீழாக்கியது. அதிகாரியைக் கிராமத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார். அந்தந்தக் கிராமத்து விவசாயிகளே தங்களில் ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். அவர் வாரம் ஒரு நாள் தானாப் பயிற்சி நிலையத்துக்கு வந்து, விவசாய அதிகாரியிடமும் கால்நடை அதிகாரியிடமும் மீன்வள அதிகாரியிடமும் பாடம் கேட்டு, அதே வாரம் திரும்பிப்போய்த் தன் ஊர்க் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சொல்பவர் அயல் வயற்காரர். அவர் புது விதை போட்டாரா இல்லையா என்று வரம்பில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். எல்லாத் திணைக்கள அலுவலர்களையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்து வைத்தது இதற்காகத்தான். காலை ஒரு காரியாலயம், மாலை இன்னொரு காரியாலயம் என்று விவசாயி அலையத் தேவையில்லை.

சங்கத்தில் சேர்பவர்களுக்கு நிபந்தனைகள் இருந்தன. வாராந்தக் கூட்டம் தவறக்கூடாது. வாராவாரம் சிறு தொகையாவது சேமிப்பில் போடவேண்டும். கடன் வேண்டுமானால் எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று கூட்டத்திலேயே திட்டம் காட்டவேண்டும். முதலில் ஓரிரு சங்கங்கள்தாம். பத்தாண்டுக்குள் அந்த ஒரு தானாவிலேயே முந்நூறு அளவில் பெருகின. கிராமச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து தானா மட்டத்தில் ஒரு மத்திய சங்கம். உழவு இயந்திரம், நீர் இறைக்கும் பம்பு, களஞ்சியம் எல்லாம் அதனிடம். குளிர்காலத்தில் தரிசாய்க் கிடந்த வயல்களுக்குப் பம்புகளும் குழாய்க் கிணறுகளும் நீர் கொடுத்தன. நம் பாஷையில் சொன்னால், காலபோகம் மட்டும் செய்த ஊர் சிறுபோகமும் செய்யப் பழகியது.

வேலையில்லாத பருவத்தில் கால்வாய் தோண்டவும் அணைக்கட்டவும் கிராமத்தவரைக் கொண்டே திட்டம் போட்டு, கூலியும் கொடுத்தார்கள். பள்ளிவாசல் இமாம்களுக்குப் பயிற்சியளித்துச் சிறுவர்களுக்கு எழுத்தறிவிக்க வைத்தார்கள். பெண்களும் வாரந்தோறும் அக்கடமிக்கு வந்து தையல், பிள்ளை வளர்ப்பு, கோழி வளர்ப்பு, வாசிப்பு எல்லாம் கற்றார்கள். திரை கடுமையான கிராமங்கள் அவை. எதிர்ப்பு வராமலில்லை. கான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. முன்வந்த சிலரோடு தொடங்கி, மற்றவர்கள் பார்த்துத் தீர்மானிக்க விட்டுவிட்டார். 1963இல் மக்ஸாய்ஸாய் விருது கிடைத்தது.

இனி நான் முன்னர் தள்ளிவைத்த காரணம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் ஆரம்ப வகுப்பு மாணவன். புத்தளத்தில் வளர்ந்தேன். போர் முடிந்து திரும்பியபோது எங்கள் காணிகள் காடாகிக் கிடந்தன. பிறகு திட்டங்கள் வந்தன. ஒன்றல்ல, பல. ஒரு நிறுவனம் எங்கள் ஊரில் சில குடும்பங்களுக்கு ஆடு கொடுத்தது. கொடுப்பதற்கு முன் சங்கம் வேண்டுமென்றார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டறிக்கைப் புத்தகம், இறப்பர் முத்திரை எல்லாம் ஒரே பிற்பகலில் தயாராயின. ஆடு கொடுத்த நாள்தான் அந்தச் சங்கத்தின் கடைசிக் கூட்டம். பெயர்ப்பலகை மட்டும் வீதியோரம் இருந்தது. அதையும் ஒருவர் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டார். குறை சொல்ல மாட்டேன், நல்ல தகரம்.

எங்கள் அயல் தமிழ்க் கிராமங்களிலும் இதே கதைதான். ஆராய்ச்சிக்கும் விரிவாக்கத்துக்கும் வன்னியில் இடம் இல்லாமலில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. கமநல சேவை நிலையங்களும் விவசாயப் போதனாசிரியர்களும் இருக்கிறார்கள். ஒரு போதனாசிரியர் மோட்டார் சைக்கிளில் எத்தனை கமக்கார அமைப்புகளுக்குத்தான் ஓடுவார்? அவர் வரும் நாளில் விவசாயி வயலில், விவசாயி தேடிப்போகும் நாளில் அவர் கூட்டத்தில். கான் 1955இல் விட்டு விலகிய அந்தத் திட்டத்தின் சிக்கல் இன்றும் எங்கள் ஊர் ஒழுங்கைகளில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

கொமில்லா தோற்ற கதையையும் சொல்லவேண்டும். 1970களில் அரசு அதை நாடெங்கும் பரப்பியபோது, கூட்டமும் சேமிப்பும் பின்தள்ளப்பட்டு, கடன் முன்னே வந்தது. பம்பும் கடனும் வசதியுள்ள விவசாயிகளின் கையில் சேர்ந்தன. காணியில்லாதவனுக்குச் சங்கத்தில் இடம் சுருங்கியது. கடன் திரும்பவில்லை. கான் இதற்காகத் திட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று யாரையும் தேடிப் போகவில்லை. என்ன பிழைத்தது என்பதைத் தாமே எழுதினார். அக்கடமி மட்டும் பங்களாதேஷின் நிறுவனமாக இன்றும் கொமில்லாவில் இயங்குகிறது.

1971இல் நாடு இரண்டானது. அவர் பாகிஸ்தானில் நின்றார். பல்கலைக்கழகங்களில் சில ஆண்டுகள் கழிந்தன, அமெரிக்காவிலும் கற்பித்தார். அறுபத்தைந்து தாண்டிய வயதில், 1980இல், கராச்சியின் ஒராங்கிக்குப் போனார். பல இலட்சம் பேர் வாழ்ந்த, அரசு அங்கீகரிக்காத குடியிருப்பு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதியாய் வந்த பீஹாரிகள் அங்கே நிறைய. அவர் பணி செய்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள் என்றும் சொல்லலாம்.

முதல் மாதங்களில் அவர் நடந்து திரிந்ததும் பேச்சுக் கேட்டதும்தான் வேலை. மக்கள் முதலில் சொன்னது சாக்கடை. ஒழுங்கைகளில் கழிவுநீர் ஓடியது, பிள்ளைகள் நோயுற்றனர். அரசு இலவசமாகக் குழாய் போட்டுத் தரும் என்று எல்லோரும் காத்திருந்தனர். கானின் குழுவினர் பணம் கொடுக்கவில்லை. இருபது, முப்பது வீடுகள் கொண்ட ஓர் ஒழுங்கை ஒன்றுசேர்ந்து தனக்கொரு பொறுப்பாளரைத் தெரிவு செய்தால், நில அளவையும் வரைபடமும் செலவுக் கணக்கும் கருவிகளும் தருவார்கள். காசும் உழைப்பும் ஒழுங்கைக்காரருடையது. வீட்டுக் கழிப்பறையும் ஒழுங்கைக் குழாயும் மக்கள் பங்கு, பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பங்கு. ஒப்பந்தக்காரர் போடும் கணக்கின் சிறு பகுதியிலேயே வேலை முடிந்தது. ஒரு ஒழுங்கையைப் பார்த்து அடுத்த ஒழுங்கை வந்தது. டாக்காவில் பிறந்து, 1971க்குப் பின் கராச்சிக்கு வந்த பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர் இளவயதில் அவரோடு சேர்ந்து, பிற்காலத்தில் அந்தப் பணியைத் தலைமையேற்று நடத்தினார். 2013இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கானும் நிம்மதியாக விடப்படவில்லை. எண்பதை நெருங்கிய வயதில், சிறுவர்களுக்கு எழுதிய ஒரு கதைப்பாட்டைக் காட்டி அவர்மீது மதநிந்தனை வழக்குப் போட்டார்கள். சூபி இலக்கியத்தில் ஊறிய, பாளி உட்படப் பல மொழி வாசித்த ஒரு முதியவர் நீதிமன்ற வாசலுக்கு அலைந்தார். நம் சமூகம் தன் நல்ல மனிதர்களை நடத்தும் விதம் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வழக்குகளுக்கு நடுவிலும் ஒராங்கிக் காரியாலயத்துக்குப் போய்வந்தார். 1999 ஒக்டோபர் 9ஆம் திகதி, அமெரிக்காவில் குடும்பத்தாரைப் பார்க்கப் போயிருந்தபோது மாரடைப்பால் வபாத்தானார். ஜனாஸா கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, ஒராங்கியில் அவர் வேலை செய்த அதே காரியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது.