சீர்காழி கணக்கு வாத்தியாரும் உங்க டைரக்டரி சர்வரும்

ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதுறீங்கன்னு வெச்சுக்குவோம். சாமளாபுரம், சோமனூர், பல்லடம் மூணு ஊர் விசைத்தறிக் கூடங்களின் விவரமும் தனித்தனி டைரக்டரி சர்வரில் இருக்கிறது. சாமளாபுரத்தில் காடா துணி நெய்வது யார் என்று ஒருவர் தேடினால், உங்க அப்ளிகேஷன் மூன்றையும் எல்டேப் வழியாகக் கேட்டு ஒரே பட்டியலாகத் தரணும்.

கனெக்‌ஷன் கொடுப்பது சுலபம். சிக்கல் அப்புறம்தான். ஒரு சர்வரில் 'ஊர்' என்று இருப்பது இன்னொன்றில் 'இடம்' என்று இருக்கும். ஒன்றில் 'காடா', மற்றதில் 'கிரே'. கேள்வி சரியாகவே போகும், பதில் காலியாக வரும். தறி ஓடிக்கிட்டே இருந்தாலும் தேடுகிறவருக்கு அது இல்லாத தறிதான். ஆர்டர் வேறு எங்கோ போய்விடும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதோடு மல்லுக்கட்டியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892ல் சீர்காழியில் பிறந்தவர். படித்தது கணிதம். மங்களூரிலும், நமக்குப் பக்கத்தில் கோவை அரசுக் கல்லூரியிலும், பிறகு சென்னையிலும் கணக்கு வாத்தியார். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஆள் நடமாட்டமில்லாத அந்த வேலை சில நாளிலேயே சலித்துப்போய், வகுப்பறைக்கே திரும்பிடறேன்னு கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாங்க, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

அங்கே நூலகங்களில் ஒரு புத்தகத்துக்கு ஒரே இடம்தான். சாமளாபுரத்துப் பருத்தி நெசவு பற்றிய புத்தகத்தை நெசவில் வைப்பதா, ஊர் வரலாற்றில் வைப்பதா? எதில் வைத்தாலும் மற்ற வழியில் தேடி வருகிறவர் வெறுங்கையோடு போவார். லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது அவருக்குப் பொறி தட்டியது. அதே சில துண்டுகள், நட்டு, போல்ட்டு. மாட்டுகிற விதத்தில் விதவிதமான பொம்மை. பாடங்களையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, முக்காற்புள்ளியை நட்டு போல்ட்டாக வைத்து இணைத்தால்?

1933ல் வந்த கோலன் பகுப்புமுறை அதுதான். எதைப் பற்றி, எந்தப் பொருள், என்ன செயல், எங்கே, எப்போது என்ற ஐந்து முகங்களாக அந்த யோசனை பின்னர் முழு வடிவம் பெற்றது. இப்போ உங்க எல்டேப் ஃபில்டரைப் பாருங்க: (&(ஊர்=சாமளாபுரம்)(துணி=காடா)). ஒவ்வொரு பதிவுக்கும் மரத்தில் ஒரே இடம், ஆனால் எந்தப் பண்பை வைத்தும் தேடலாம். எல்டேப் வந்தது 1993ல். அவரைப் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. சிக்கல் ஒன்று, தீர்வும் ஒரே திசையில் போயிருக்கிறது. அவ்வளவுதான்.

முறையை எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1931ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. 1934ல் பட்டியல் தயாரிப்பதற்கான விதிகளையும் புத்தகமாகப் போட்டார். எல்லோரும் ஒரே மாதிரி பதிந்தால்தானே ஓரிடத்துப் பட்டியல் இன்னோரிடத்தில் செல்லும்? அவர் முயற்சியால் 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அதன் வேர் அங்கேதான். வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, நூலகவியல் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1962ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் தொடங்கினார். 1972ல் அங்கேயே காலமானார்.

ஆகவே நண்பர்களே, கோடு எழுத உட்காரும் முன் மூணு ஊர்க்காரர்களையும் ஒரு மேசையில் உட்கார வையுங்க. 'ஊர்' என்றா, 'இடம்' என்றா? 'காடா'வா, 'கிரே'யா? அதை முடிவு பண்ணிட்டு ஸ்கீமா போடுங்க. ஒரு சர்வர் என்னிடம் இல்லை, அங்கே கேள் என்று வேறு சர்வரைக் காட்டினாலும், அங்கேயும் அதே பெயர் இருந்தால்தான் உங்க கேள்வி பிழைக்கும். சாமளாபுரத்துத் தறிக்காரருக்கு ஆர்டரும் போய்ச் சேரும்.