மண்ணின் பொறை அறிந்தவர்

பொறை என்னும் சொல்லுக்கு நம் அகராதிகள் சுமை என்றும் பொறுமை என்றும் மலை என்றும் பொருள் கூறும். சேரனைப் பொறையன் என்றதும் மலைநாட்டுக்கு உரியவன் என்பது பற்றியே. மண் எதனைச் சுமக்கும், எவ்வளவு பொறுக்கும், எப்போது பொறாது என்று ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவரைப் பற்றி எழுதப் புகுகின்றேன். மண் பொறியியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி அவர்.

ஊவா மாகாணத்தார்க்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில், பெருமழைக்குப் பின் மலைச்சரிவு பெயர்ந்து லயன்களை மக்களோடு மூடிற்று. நீர் மண்ணை எண்ணெய்போல் வழுக்கச் செய்தது என்றே நம்மிற் பலர் காரணம் கூறுவர். அக்கருத்துப் பொருந்தாது என்பதை 1950 இல் மண்சரிவு பற்றி எழுதிய கட்டுரையில் டெர்சாகி விளக்கியிருந்தார்.

இவர் 1883 இல், ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குட்பட்ட பிராக் நகரிற் பிறந்தார். கிராட்ஸ் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்று 1904 இல் தேறினார். உள்ளமோ நிலவியலிற் படிந்தது. 1912 இல் அமெரிக்கா சென்று, அணைகள் கட்டப்படும் இடந்தோறும் அலைந்து குறிப்புகள் சேர்த்தார். ஆயினும் அவற்றிலிருந்து விதி எதுவும் பிறக்கவில்லை. களி, மணல் என்று பெயரிட்டார்களேயன்றி அவற்றின் இயல்பை எவரும் அளந்து வைக்கவில்லை.

அளக்கும் பணி இஸ்தான்புல் நகரிலே தொடங்கிற்று. 1916 இல் அங்கு ஆசிரியராகச் சென்றவர், முதல் உலகப் போருக்குப் பின் அந்நகரத்து ரொபேர்ட் கல்லூரியிற் கற்பித்தார். பொருளும் இல்லை, கருவியும் இல்லை. சுருட்டுப் பெட்டிகளையும் கழித்துப்போட்ட பொருள்களையும் கொண்டு தாமே கருவி செய்துகொண்டார். நீர் ஊறிய களிமண்ணை வளையத்துள் அடைத்து, மேலே சுமை ஏற்றி, அது தாழுவதை நாட்கணக்காகப் பார்த்திருந்தார். ஆய்வுகூடம் இல்லையென்று குறைப்படும் நம் பள்ளிகள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

அவர் கண்டது இது: சுமை விழுந்தவுடன் அதனைத் தாங்குவது மண்துகளன்று, இடையிலுள்ள நீர். நீர் மெல்ல வெளியேற வெளியேறச் சுமை துகள்களுக்கு மாறும். மலைச்சரிவில் மழைநீர் ஏறும்போது நிகழ்வது இதன் மறுதலை. பலகைமேற் பலகை வைத்து, மேற்பலகையை ஒருவன் சற்றே தூக்கிப் பிடித்தால் அது எளிதில் நழுவுமன்றோ? மண்ணுள் அவ்வாறு தூக்குவது நீரின் அமுக்கம். துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைய, உராய்வும் குறைகின்றது; சரிவு நழுவுகின்றது.

1925 இல் இவர் நூல் வியன்னாவில் வெளிவந்தது. பின்னர் அமெரிக்கா, மீண்டும் வியன்னா, இறுதியில் ஹார்வர்ட் எனப் பணி தொடர்ந்தது. வியன்னாவில் பில்லுங்கர் என்னும் பேராசிரியர் இவரது கொள்கையைக் கடுஞ்சொற்களால் தாக்கினார். ஆராய்ந்த குழு டெர்சாகியின் பக்கமே நின்றது. 1937 இல் பில்லுங்கரும் மனைவியாரும் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். கல்விப் பூசல் அந்த எல்லைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

பொறியியல் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன் அண்மையிற் கணினியில் ஒன்று காட்டினான். ஒரு பொருளைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் கணித்து, மீளத் தொகுக்கும் முறை அது. 1943 இல் கூரண்ட் என்னும் கணித அறிஞர் இவ்வழியைக் காட்டினார். நீரோட்டமும் மண்ணின் அசைவும் ஒன்றையொன்று மாற்றுவதால் இரண்டையும் ஒருங்கே கணிக்க வேண்டும். இதனைக் கற்போர்க்கு முதலில் தரப்படும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, சுமை ஏற்றிய மண்தூண் நீர் வெளியேறத் தாழ்வது. டெர்சாகியின் பெயராலேயே வழங்குவது. அதன் விடை அவர் சமன்பாட்டால் முன்பே தெரியுமாதலின், கற்பவன் தன் கணிப்பைச் சரிபார்க்கலாம். அதன்பின் மலைச்சரிவு எடுத்துக்காட்டைத் திறந்து, மழையைக் கூட்டினான். முக்கோணங்கள் நிறம் மாறின. நீர் புகும் அளவுக்குப் பிழையான எண்ணைக் கொடுத்தாலும் படம் அதே அழகுடன் வருகின்றது! உண்மை எண்ணை அறிய மலையைத் துளைத்து நீர்மட்டம் பார்த்தல் வேண்டும்.

டெர்சாகி தம் கணக்கையே முழுதும் நம்பியவரல்லர். கட்டும்போதே அளந்து, அளந்ததற்கேற்ப வரைபடத்தை மாற்றுவது அவர் வழக்கம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், மென்களி படிந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் மிஷன் அணையை அவ்வாறே அமைத்தார். 1963 ஒக்டோபர் 25 இல் காலமானார். இரண்டாண்டு கழித்து அவ்வணைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.