தாங்கக்கூடிய அமல்: ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி)

ஹதீஸ் கிதாபுகளை ஓதுவோருக்கு மிகவும் பழக்கமான பெயர் ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுடையது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் வேறு, இவர்கள் வேறு. அரபி எழுத்தில் உமர், அம்ரு என்ற இரு பெயர்களும் ஒன்று போலவே தோன்றுவதால், அம்ரு என்பதன் இறுதியில் உச்சரிக்கப்படாத ஒரு வாவு சேர்த்து எழுதுவார்கள். மதரஸா மாணவர் முதலில் கற்றுக்கொள்ளும் சங்கதிகளில் இதுவும் ஒன்று.

மிஸ்ரு நாட்டை வென்ற தளபதி ஹழ்ரத் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களே இவர்களின் தந்தையார். தந்தைக்கும் மகனுக்கும் வயதில் 11 அல்லது 12 ஆண்டு வித்தியாசம்தான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தந்தையார் ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் (கி.பி. 629) மதீனா வந்து ஈமான் கொண்டார்கள். மகனாரோ அதற்கு முன்பே முஸ்லிமாகியிருந்தார்கள். அன்னாரின் வாழ்வில் போர்க்களமும் உண்டு, அரசியல் கொந்தளிப்பும் உண்டு. அவற்றை விரிக்க நாம் இங்கே முற்படவில்லை. அன்றாட வணக்கத்தை எந்த அளவில் வைத்துக்கொள்வது என்ற விஷயத்தில் அவர்களுக்கு நேர்ந்ததை மட்டும் பார்ப்போம்.

இளம் வயதிலேயே அவர்களுக்கு வணக்கத்தில் பெரும் வேட்கை. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை, ஒவ்வோர் இரவிலும் குர்ஆன் முழுவதையும் ஓதி முடிப்பது என்று தமக்குத் தாமே ஒரு நியமத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். அந்நிலையில் தந்தையார், குறைஷிக் குலத்து நல்ல குடும்பத்துப் பெண் ஒருவரைப் பார்த்து நிக்காஹ் செய்துவைத்தார்கள். மருமகளை அடிக்கடி வந்து நலம் விசாரிப்பது அம்ரு (ரலி) அவர்களின் வழக்கம். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டபோது, மிக நல்ல மனிதர்தாம், ஆனால் தாம் வந்த நாளிலிருந்து தம் பக்கம் அவர் திரும்பியதே இல்லை என்ற கருத்தில் அந்தப் பெண்மணி அடக்கமாகப் பதில் சொன்னார். புகழ்ச்சியைப் போன்று தொடங்கி முறையீடாக முடிந்த பதில் அது. மருமகளின் மனக்குறையை மாமனார் புரிந்துகொண்டார்கள். மகனைக் கண்டித்தார்கள். பலனில்லாததால் விஷயத்தைக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடமே கொண்டு சென்றார்கள்.

இதற்குப் பின் நடந்ததை ஸஹீஹுல் புகாரியும் முஸ்லிமும் பல வழிகளில் பதிவு செய்திருக்கின்றன. அப்துல்லாஹ்வை வரவழைத்து, அதற்குப் பதிலாகத் தாமே அவர்களின் இல்லம் தேடி வந்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள் என்று ஓர் அறிவிப்பில் காண்கிறோம். ஈச்ச நார் அடைத்த தோல் தலையணை ஒன்றை இவர்கள் எடுத்து வைக்க, பெருமானார் (ஸல்) அவர்கள் அதில் அமராமல் வெறுந்தரையில் அமர்ந்தார்கள். தலையணை இருவருக்கும் நடுவே கிடந்தது. அந்தத் தலையணையைக் கூட மறக்காமல் அப்துல்லாஹ் (ரலி) பிற்காலத்தில் எடுத்துச் சொன்னார்கள் என்றால், அந்தச் சந்திப்பு அவர்களின் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்!

உடலுக்கு உரிமை உண்டு, கண்ணுக்கு உரிமை உண்டு, மனைவிக்கு உரிமை உண்டு, வீடு தேடி வருவோருக்கும் உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) எடுத்துரைத்தார்கள். இப்படியே போனால் கண்கள் குழிந்துவிடும், உயிர் களைத்துவிடும் என்றும் எச்சரித்தார்கள். மாதம் மூன்று நோன்பு போதும், ஒரு நன்மைக்குப் பத்து மடங்கு கூலி என்பதால் மூன்று நாள் முப்பது நாளாகிவிடும் என்று வழியும் காட்டினார்கள்.

ஆனால் இளைஞரின் உற்சாகம் அடங்கவில்லை. தம்மால் அதைவிட அதிகம் முடியும் என்றார்கள். அப்படியானால் ஒரு நாள் நோன்பும் இரண்டு நாள் விடுப்பும் என்று அனுமதி கிடைத்தது. அதைவிடவும் முடியும் என்றார்கள். முடிவில், ஒரு நாள் நோற்று ஒரு நாள் விடுகிற தாவூது நபி (அலை) அவர்களின் நோன்பில் வந்து நின்றது. அதைவிடச் சிறந்த நோன்பு இல்லை என்று பெருமானார் (ஸல்) முடித்துவிட்டார்கள். குர்ஆன் ஓதுவதிலும் இதே பேரம்தான். மாதம் ஒரு கத்தம் என்று தொடங்கி, படிப்படியாகக் குறைந்து, ஏழு நாளில் ஒரு கத்தம் என்பதில் நின்றது. மூன்று நாளுக்குக் குறைவாக ஓதி முடிப்பவர் பொருளை விளங்கமாட்டார் என்ற ஹதீஸையும் இதே ஸஹாபியே அறிவிக்கிறார்கள். இரவு வணக்கத்தில் தாவூது நபியின் முறை பாதி இரவு உறங்கி, மூன்றில் ஒரு பங்கு தொழுது, மீண்டும் ஆறில் ஒரு பங்கு உறங்குவது என்பதும் இவர்கள் மூலமாகவே உம்மத்துக்குக் கிடைத்தது. இரவில் எழுந்து தொழுதுவந்து பின்னர் அதை விட்டுவிட்ட ஒரு மனிதரைப் போல் ஆகிவிட வேண்டாம் என்றும் நாயகம் (ஸல்) அவர்களிடம் தனியே அறிவுரை கூறினார்கள்.

இந்தப் பேச்சின் நடுவே நாயகம் (ஸல்) இன்னொன்றும் சொன்னார்கள். அப்துல்லாஹ்வின் ஆயுள் நீளக்கூடும், அது அவருக்குத் தெரியாது என்றார்கள். வாலிபத்தின் பலத்தை வைத்து அமலின் அளவைத் தீர்மானித்தவருக்கு முதுமையை நினைவூட்டிய வார்த்தை அது. அன்றைக்கு அவர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நம் வீடுகளில் இது வேறொரு வேஷத்தில் நடப்பதைக் காண்கிறோம் அல்லவா? ரமளானில் நாளொரு ஜுஸ்உ ஓதிய கையால் ஷவ்வாலில் முஸ்ஹஃபை உறையிலிட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறோம். அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் கதை அப்படி முடியவில்லை. அதனால்தான் அதைச் சொல்ல வந்தோம்.

நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் கேட்டதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்வதும் அவர்களின் அன்றாடப் பழக்கமாக இருந்தது. கோபத்திலும் மகிழ்ச்சியிலும் சொல்வதையெல்லாம் எழுதலாமா என்று குறைஷியர் சிலர் ஆட்சேபிக்க, எழுதுவதை நிறுத்தி நாயகத்திடமே கேட்டார்கள். பெருமானார் (ஸல்) தம் திருவாயைச் சுட்டிக்காட்டி, இதிலிருந்து சத்தியத்தைத் தவிர வேறெதுவும் வெளிவராது, எழுதிக்கொள்ளுங்கள் என்று அனுமதித்தார்கள். அந்த ஏட்டுக்கு அஸ்ஸாதிகா என்று பெயரிட்டு உயிர் போல் பேணினார்கள். ஹதீஸ்களை மிக அதிகமாக அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்களே, அப்துல்லாஹ் எழுதிக்கொள்வார், தாம் எழுதுவதில்லை என்று அவர்களின் சிறப்பை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஹழ்ரத் அனஸ் (ரலி) வாயிலாக முஸ்னது அஹ்மதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அன்ஸாரிகளில் ஒருவரைச் சுவனவாசி என்று நாயகம் (ஸல்) மூன்று நாட்கள் தொடர்ந்து அறிவித்தார்கள். அவர் என்னதான் அமல் செய்கிறார் என்று பார்த்துவிட அப்துல்லாஹ் (ரலி) மூன்று இரவுகள் அவர் வீட்டில் தங்கினார்கள். அந்த மனிதர் இரவில் எழுந்து தொழவில்லை. படுக்கையில் புரளும்போது அல்லாஹ்வை நினைவுகூர்ந்து தக்பீர் சொல்வார், பிறகு ஃபஜ்ருக்கு எழுவார், பேசினால் நல்லதையே பேசுவார், அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று எண்ணும் நிலைக்கே அப்துல்லாஹ் (ரலி) வந்துவிட்டார்கள். விடைபெறும்போது விசாரித்ததில்தான், எந்த முஸ்லிமிடமும் வஞ்சகமோ, எவருக்கும் அல்லாஹ் கொடுத்ததைக் கண்டு பொறாமையோ தம் உள்ளத்தில் இல்லை என்று அவர் தெரிவித்தார். இரவு முழுதும் நின்று தொழும் ஒருவருக்குத்தான் இந்தப் பாடம் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்களின் வஃபாத்துக்குப் பின் தந்தையாருடன் மிஸ்ரில் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 37இல் (கி.பி. 657) ஸிஃப்ஃபீன் களத்துக்குத் தந்தையின் கட்டாயத்தால் சென்று நின்றதற்காக வாழ்நாளெல்லாம் வருந்தினார்கள். வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்ட நாளில், யூதரான பக்கத்து வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்று வந்ததும் வராததுமாகத் திரும்பத் திரும்பக் கேட்டதை அவர்களின் மாணவர் முஜாஹித் எடுத்துரைக்கிறார். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாயகம் (ஸல்) சொன்னதை அன்றும் அவர்கள் மறக்கவில்லை.

பெரிய அமல்களை விரும்பிய அவர்களே, சின்னஞ்சிறு அமல்களை உம்மத்துக்கு அறிவித்துச் சென்றவர்களும் ஆவார்கள். இரவுத் தொழுகையில் பத்தே பத்து ஆயத்து ஓதினாலும் அவர் அலட்சியக்காரர்களின் பட்டியலில் எழுதப்படமாட்டார் என்ற ஹதீஸ் இவர்களுடையது. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஸுப்ஹானல்லாஹ் 10, அல்ஹம்து லில்லாஹ் 10, அல்லாஹு அக்பர் 10 என்பதும் இவர்கள் அறிவித்ததே. ஐந்து வேளைக்கும் சேர்த்து நாவில் 150, மீஸான் தராசில் 1,500. படுக்கையில் 33, 33, 34 என்று ஓதினால் நாவில் 100, தராசில் 1,000. மிகவும் எளிது, ஆனால் செய்பவர்கள் குறைவு என்றார்கள் நாயகம் (ஸல்). எளிதானதை ஏன் குறைவாகச் செய்கிறார்கள் என்று தோழர்கள் கேட்டதற்கு, படுக்கையில் அதைச் சொல்வதற்கு முன் ஷைத்தான் தூங்க வைத்துவிடுகிறான், தொழுகையில் ஏதாவது ஒரு வேலையை நினைவூட்டி எழுப்பிவிடுகிறான் என்று விளக்கினார்கள். ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடும் நம்மில் பலருக்கு இதற்கு மேல் ஷரஹு வேண்டியதில்லை. பெருமானார் (ஸல்) தம் கைவிரல்களில் எண்ணியதைத் தாம் கண்ணால் கண்டதாகவும் அப்துல்லாஹ் (ரலி) சேர்த்துச் சொன்னார்கள்.

ஆயுள் நீளவே செய்தது. முதுமை வந்தது, உடல் தளர்ந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோன்பும், ஏழு நாளுக்கு ஒரு கத்தமும் பாரமாயின. நாயகம் (ஸல்) அளித்த சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். இருந்தும் விட்டார்களா? இல்லை. நாயகத்தைப் பிரியும்போது எந்த அமலில் இருந்தார்களோ, அதைக் குறைக்க மனம் ஒப்பவில்லை. இரவில் ஓத வேண்டிய ஏழில் ஒரு பங்கைப் பகலிலேயே வீட்டாரில் ஒருவரிடம் ஓதிக் காட்டுவார்கள். இரவில் அது இலேசாகிவிடும். உடலுக்குத் தெம்பு வேண்டும்போது சில நாட்கள் தொடர்ந்து நோன்பை விடுவார்கள். விட்ட நாட்களை எண்ணி வைத்துக்கொண்டு, தெம்பு வந்ததும் அத்தனை நாட்களையும் நோற்றுவிடுவார்கள்.

அன்னாரின் வஃபாத் ஹிஜ்ரி 63 என்றும் 65 (கி.பி. 684-685) என்றும் கூறுவர். மிஸ்ரு, மக்கா, தாயிஃப், ஷாம் என்று இடம் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ரலியல்லாஹு அன்ஹு.