கோர்னீலியா சொராப்ஜி: மன்றேற விடப்படாத சட்டத்தரணி

நம் தங்கைமார் சிலர் இப்போது சட்டம் படிக்கிறார்கள். இறுதிப் பரீட்சை முடிந்ததும் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதம் பயிற்சி பெற வேண்டும் என்று அவர்கள் சொல்லும்போது, வைத்தியர்களாகிய நமக்கு நமது உள்ளகப் பயிற்சிக் காலம் ஞாபகம் வருகிறது. புத்தகத்தில் படித்தது ஒன்று, நோயாளியின் கட்டிலருகே கற்றது வேறொன்று. அப்படியொரு பயிற்சியை 130 ஆண்டுகளுக்கு முன்னரே லண்டனில் பெற்ற ஒரு பெண்ணின் வாழ்க்கையை இம்மலரில் எழுதுவது பொருத்தம் என்று எண்ணினோம்.

கோர்னீலியா சொராப்ஜி 1866ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நாசிக்கில் பிறந்தார். பார்சி வழிவந்த கிறிஸ்தவக் குடும்பம். தாயார் பூனாவில் பாடசாலைகள் நடத்தியவர். சகோதரிகளுள் சூசி கல்விப் பணியில் இறங்கினார். அலிஸ் நமது தொழிலுக்கு வந்து வைத்தியரானார். கோர்னீலியா பூனா டெக்கான் கல்லூரியின் முதல் மாணவி. பட்டப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். அந்த இடத்தைப் பெறுபவருக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசாங்கப் புலமைப்பரிசில் உண்டு. பெண் என்ற ஒரே காரணத்தால் அது அவருக்குக் கொடுபடவில்லை. பின்னர் இங்கிலாந்தில் நல்லெண்ணம் கொண்ட சிலர் பணம் சேர்த்து உதவினர். அவர்களுள் ஒருவர், தாதியர் பணியின் முன்னோடி என்று நாமெல்லாம் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

1889இல் ஒக்ஸ்போர்ட் சோமர்வில் மண்டபத்தில் சேர்ந்தார். அங்கு சட்டம் படித்த முதற்பெண் இவரே. 1892இல் பரீட்சை நெருங்கியபோது, பெண்ணொருத்தியின் விடைத்தாளைத் திருத்த மாட்டேன் என்று பரீட்சகர் ஒருவர் மறுத்தார். பல்கலைக்கழகம் விசேட தீர்மானம் எடுத்துத்தான் அவரை எழுத விட்டது. எழுதினார், தேறினார். பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம் அங்கு 1920இல்தான் வந்தது. இவர் 1922இல் போய்ப் பெற்றுக்கொண்டார்.

படிப்பு முடிந்ததும் லண்டனில் லீ அன்ட் பெம்பர்டன் என்ற சொலிசிட்டர் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். சொலிசிட்டர் என்றால் யார் என்று கேட்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 1974க்கு முன் நம் நாட்டிலும் அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரு வகையினர் இருந்தது வாப்பாமார் காலத்தவருக்குத் தெரியும். மன்றில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, உறுதிகளை வரிவரியாகப் படித்து, மனு வரைந்து, வழக்கை ஆயத்தம் செய்பவர் பிரக்கிராசி. சொலிசிட்டரின் வேலையும் ஏறக்குறைய இதுதான். மரண சாசனம், நம்பிக்கைப் பொறுப்பு, காணி கைமாற்றம் என்று எல்லாம் கடதாசியில் நடக்கும் வேலை. நீதிமன்றத்தின் ஆரவாரம் இல்லை. லிங்கன்ஸ் இன் சட்ட நூலகத்தில் படிக்கவும் அனுமதி கிடைத்தது; பாரிஸ்டராகத்தான் வழியில்லை. அக்காலத்தில் இங்கிலாந்துப் பெண் எவருக்கும் அந்த வழி திறந்திருக்கவில்லை.

அந்தக் கடதாசி வேலைதான் அவரது பிற்கால வாழ்வு முழுவதற்கும் சோறு போட்டது என்பது நமது கருத்து.

1894இல் இந்தியா திரும்பினார். கோஷா முறையில் வீட்டின் உட்பகுதியில் வாழ்ந்த விதவைகள், ஆண்துணையற்ற சமஸ்தானப் பெண்கள் பலருக்குப் பெருஞ்சொத்து இருந்தது. சொத்தைப் பற்றிப் பேசக்கூடிய ஆளில்லை. வேற்று ஆணைப் பார்க்க முடியாது, சட்டத்தரணிகளோ எல்லோரும் ஆண்கள். திரைக்கு அப்பாலிருந்து காரியக்காரர் நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அடையாளம் இடவேண்டியதுதான். கோர்னீலியாவால் உள்ளே போக முடிந்தது. ஆயினும் தகுதியை நிரூபிக்கச் சொன்னார்கள். 1897இல் பம்பாயில் சட்டப் பரீட்சை, 1899இல் அலகாபாத்தில் வழக்குரைஞர் பரீட்சை, இரண்டிலும் தேறினார். அதற்குப் பிறகும் நீதிமன்றம் அவரை ஏற்கவில்லை. சுதேச சமஸ்தானங்களில் மட்டும் சில வேளை இடம் கிடைத்தது. அங்கே ஒரு யானையின் உரித்துக்காகக்கூட அவர் வழக்குப் பேசியிருக்கிறார். ஊஞ்சலில் ஆடியபடி விசாரித்த ராஜா, தன் நாய்க்கு இவரைப் பிடித்துவிட்டது என்பதற்காகச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னாராம்!

1902 முதல் அரசாங்கத்துக்கு விடாமல் எழுதினார். பெண்களிடம் நேரில் போய்க் கேட்க ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்பதே கோரிக்கை. 1904இல் வங்காளத்தின் கோர்ட் ஒப் வார்ட்ஸ் என்ற திணைக்களத்தில் அவருக்கே அந்த நியமனம் கிடைத்தது. வயது வராத வாரிசுகளினதும் விதவைகளினதும் சொத்துக்கு அரசு பொறுப்பு நிற்கும் இடம் அது. வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என்று அவரது எல்லை விரிந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 600க்கு மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவினார் என்பது கணக்கு. அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர்.

பாலமுனை, கல்முனைப் பக்கத்தவர்களாகிய நமக்கு இது தூரத்துக் கதையல்ல. நம் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மாவின் வளவு மகளுக்கு வருகிறது, உறுதியில் அவள் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த உறுதியை ஒருமுறையாவது வாசித்த பெண்கள் எத்தனை பேர்? சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆண்களின் பெயரில் எழுதப்பட்டதையும் கண்டோம். கிளினிக்கில் பிரஷர் இறங்காமல் நிற்கும் ராத்தாமாரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்று வெளியே வரும். அதை வாசித்துச் சொல்ல நாம் படித்த வைத்தியம் போதாது. இந்தத் தங்கைமார் படித்து வந்து ஊரில் ஒரு மேசை போட்டு உட்கார வேண்டும் என்று நாம் காத்திருப்பது இதனால்தான்.

கோர்னீலியாவின் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆங்கில ஆட்சியை ஆதரித்தார், காந்தியை எதிர்த்தார். அதனால் கடைசிக் காலத்தில் சொந்த நாட்டிலே பலருக்கு வேண்டாதவரானார். அந்த விடயத்தில் பிழை அவர் பக்கம்தான் என்றே நமக்குப் படுகிறது.

1921இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவரைப் பதிவு செய்தது. 1923இல் பெண்கள் வழக்காடத் தடையில்லை என்று இந்தியாவில் சட்டம் வந்தது. லிங்கன்ஸ் இன்னும் அவரைப் பாரிஸ்டராக ஏற்றது. கல்கத்தாவில் அங்கி அணிந்து தொழிலைத் தொடங்கியபோது வயது ஐம்பத்தேழைக் கடந்திருந்தது. நீதிபதிகளின் மனம் அப்போதும் முழுதாகத் திறக்கவில்லை. எழுத்தில் சட்ட அபிப்பிராயம் கேட்டு வந்த வேலையே கூடுதல். லண்டன் நிறுவனத்தில் பழகிய அதே கடதாசி வேலை. 1929இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். 1954 ஜூலை 6இல் லண்டனில் காலமானார். 2012இல் லிங்கன்ஸ் இன்னில் அவரது மார்பளவுச் சிலையொன்றை வைத்திருக்கிறார்கள்.